நின்றபடி ஓட்டும் வண்டிக்கு ஒரு கையெழுத்து

புதிதாக உரிமம் எடுத்து, வாகனங்கள் வீதியில் ஓடத் தகுதியானவையா என்று சேஃப்டி பார்க்க வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். விதிகளை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன. பரீட்சையில் நீங்கள் என்னைவிடக் கூடுதல் புள்ளி எடுத்திருப்பீர்கள். ஆனால் புத்தகத்தில் எழுதப்படாத ஓர் இடைவெளி இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்து முடித்து, எல்லாம் சரி என்று கண்டு, பேனாவைத் திறந்த பிறகு, கையெழுத்து வைப்பதற்கு முன் வரும் இடைவெளி அது. இருபத்தேழு வருட வேலையில் எனக்கு நித்திரை கெட்டதெல்லாம் அந்த இடைவெளியை நினைத்துத்தான்.

நான் இயல்பிலேயே பதற்றக்காரன். வீட்டைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறி, இறங்கி வந்து கதவை மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். எண்ணுகிற பழக்கமும் உண்டு. கோயிலுக்குப் போனால் தூணை எண்ணுவேன், மோட்டார் சைக்கிள் வந்தால் சில்லுக் கம்பியை எண்ணுவேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும்போது வந்த பழக்கம். மனைவி இதை ஒரு வருத்தம், நோய் என்கிறார். வீட்டில் அது வருத்தம்தான். கராஜில் அது எனக்குச் சோறு போட்டது.

இந்த வேலையை எனக்குப் பழக்கியவர் பெயர் சொன்னால் கோபிப்பார். ஆகவே சொல்லவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கையெழுத்து வைப்பதற்கு முன் காற்றடிக்கும் கொம்பிரசரை நிறுத்துவார். ரேடியோவை நிறுத்துவார். வண்டியை வெளியே தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்று நேரம் நிற்பார். அவர் பார்ப்பதற்காக நிற்பதில்லை, கேட்பதற்காக நிற்பார். "உள்ளுக்கை கேக்கிறது கராஜின்ர சத்தம். வெளியில கேக்கிறதுதான் வண்டியின்ர சத்தம்" என்பார். வாடிக்கையாளர்கள் பொறுமையிழந்து மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். அவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த வழக்கத்தை நான் வைத்துக்கொண்டேன். அது ஒருநாள் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

அது நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கோடை. மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட, ஒரு பிளாசாவின் பின்பக்கம் எங்கள் கராஜ். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணியளவில் ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண்ணும் ஆணும் இறங்கி, பலகை வைத்து ஒரு மோட்டார் சைக்கிளை இறக்கினார்கள். எங்கள் கராஜில் என்னோடு வேலை செய்த ரவி அதைக் கண்டதும் கையிலிருந்த திருகாணிச் சாவியைக் கீழே வைத்தான்.

"அண்ணை, உதின்ர சீற்றை ஆரோ களவெடுத்துப் போட்டாங்கள் போல கிடக்கு."

அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். "உது நிண்டு ஓடுற சாமான் தம்பி. இருக்கிறதுக்கு வீட்டில கதிரை கிடக்கு."

பெயர் ஜெசிந்தா. மன்னார்ப் பக்கம். ஸ்காபரோவில் மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் வந்திருந்தார். வயது நாற்பத்தொன்பது என்று அவரே சொன்னார். கூட வந்தவர் கணவர் செந்தில். கோயம்புத்தூர்க்காரர். மார்க்கத்தில் கம்பியூட்டர் நிறுவனமொன்றில் வேலை. சேர்வர்கள் அடுக்கியிருக்கும் அறைகளில் வயர் இணைப்புகளைப் பார்ப்பவர்.

"வண்டிய நான்தான் சார் முதல்ல வாங்கினேன்" என்றார் செந்தில். "ரெண்டு தடவ விழுந்தேன். சரி பிடிங்கன்னு இவகிட்ட குடுத்தேன். அதுக்கப்புறம் என் கைக்கு வரவேயில்ல."

அது டிரையல்ஸ் மோட்டார் சைக்கிள். உங்களில் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். பாறை, ஓடை, விழுந்த மரம் இவற்றின் மேலால் மெதுவாக ஏறி இறங்கச் செய்த வண்டி. இருக்கை கிடையாது. உடம்பு ஒரு சைக்கிளைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். அந்தப் போட்டியில் வேகத்துக்குப் புள்ளி இல்லை. கால் நிலத்தில் படக் கூடாது. பட்டால் குற்றப்புள்ளி ஒன்று, மறுபடி பட்டால் இன்னொன்று. ஒவ்வொரு பாறைக்குப் பக்கத்திலும் ஒருவர் நின்று கால்களை எண்ணுவார். குறைவாக எண்ணப்பட்டவர் வெல்வார். கேட்டதுமே எனக்கு இந்த விளையாட்டுப் பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை வடக்கே இரண்டு நாள் போட்டி தொடங்குகிறது. ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குப் பொது வீதியால் போகவேண்டும். ஆகவே நம்பர் பிளேட் இல்லாத வண்டியைத் தொடங்கவே விடமாட்டார்கள். பிளேட்டுக்குச் சேஃப்டிப் பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை லைசன்ஸ் ஒபிஸ் பூட்டுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

"போன வருசமும் பிளேட் இல்லை அண்ணை. போனன், ஓட விடேல்லை. மற்ற ஆக்களின்ர காலை எண்ணு எண்டு ஒரு பாறைக்குப் பக்கத்தில நிப்பாட்டி விட்டாங்கள். ரெண்டு நாளும் எண்ணினன்." அவர் சிரித்தார். "போட்டி நடக்கிற காணியை விக்கப் போறாராம் சொந்தக்காரர். அடுத்த வருசம் நடவாது. இந்தமுறை விட்டால் விட்டதுதான்."

இனி வேலைக்கு வருகிறேன். என்னென்ன பார்த்தேன் என்பதை எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கமாட்டேன். ஆனால் முதலில் நான் திடுக்கிட்டதைச் சொல்லவேண்டும். ரயரைக் கையால் அழுத்தினேன். பஞ்சு மாதிரி உள்ளே போனது.

"பிள்ளை, இதில காத்தே இல்லையே!"

"அது அப்பிடித்தான் அண்ணை. பாறையைப் பிடிக்கிறதுக்கு இறக்கி விடுறனாங்கள். றோட்டுக்கு வந்தால் ஏத்துவம். பம்ப் முதுகில கிடக்கும்."

இப்படியான நேரத்தில்தான் அவசரக்காரன் வண்டியைத் திருப்பி அனுப்புவான். நமக்குப் பழக்கமில்லாதது வேறு, ஆபத்தானது வேறு. ரயரின் பக்கத்தில் வீதிக்கு உரியது என்ற முத்திரை இருந்தது. அதில் எழுதியிருந்த அளவுக்குக் காற்றடித்துப் பார்த்தேன். உறுதியாக நின்றது. முன் சில்லில் முப்பத்தாறு கம்பி, ஒன்றும் தளரவில்லை. வண்டி பழையது, ஆனால் வீதிக்கென்றே செய்து ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாறையில் ஓடுவதற்காகக் கழற்றி வைத்திருந்த லைற், ஹோர்ன், கண்ணாடி எல்லாவற்றையும் பனி கரைந்ததுமே செந்தில் மறுபடி பூட்டியிருந்தார்.

அந்த வயர் வேலையைக் கண்டு நான் அசந்துபோனேன். சொந்தமாக வயர் இழுத்துக்கொண்டு வரும் வண்டிகள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காகம் கட்டிய கூடு மாதிரி இருக்கும். இதிலோ முன் லைற்றிலிருந்து பின் லைற்வரை ஒரே ஒழுங்கு. வயரெல்லாம் ஒரு கட்டாகச் சேர்ந்து, வண்டியின் கேபிள்களோடு ஒட்டி, நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. எண்ணினேன். பதினான்கு கட்டு. எல்லாவற்றின் முடிச்சும் ஒரே பக்கம் பார்த்தது. எச்சமாக நீளும் வால் ஒன்றுகூட இல்லை.

"இது யார் செய்தது?"

"நான்தான் சார்."

"நல்ல வேலை தம்பி."

"உவர் கம்பியூட்டர் றூமில கட்டுற மாதிரிக் கட்டியிருக்கிறார்" என்றார் ஜெசிந்தா. "வீட்டில டிவிக்குப் பின்னால பாத்தியள் எண்டா அதுவும் இப்பிடித்தான். தூசி தட்டவும் விடமாட்டார்."

பிறேக் சரி. லைற் எல்லாம் எரிந்தது. ஹோர்ன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது, ஆனாலும் கத்தியது. பேனாவைத் திறந்தேன். செந்தில் போனில் லைசன்ஸ் ஒபிஸுக்கு வழி பார்க்கத் தொடங்கினார். அப்போது வழக்கப்படி ரவியிடம் கொம்பிரசரை நிறுத்தச் சொன்னேன்.

வண்டியை வெளியே தள்ளினோம். ரவிக்கு ஆசை. "அக்கா, சீற் இல்லாமல் எப்பிடி ஓடுறது எண்டு ஒருக்காக் காட்டுங்கோவன்."

ஜெசிந்தா ஹெல்மெற்றைப் போட்டு, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து, ஏறி நின்றார். கார்கள் இல்லாத மூலையில் ஒரு சின்ன வட்டம் அடித்தார். பிறகு ஹாண்டிலை இடது பக்கம் கடைசிவரை மடக்கி, அப்படியே நின்றார். ஆம், நின்றார். வண்டி ஓடவில்லை. எஞ்சின் இயங்குகிறது, இரண்டு காலும் மிதியில், வண்டி ஓர் அங்குலமும் நகராமல் நிற்கிறது. முழங்கால் மட்டும் மெல்ல மெல்ல அசைந்தது. மரக்கறிக் கடையிலிருந்து வெளியே வந்த ஓர் அன்ரி இரண்டு பைகளையும் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் கடிக்க மறந்து பார்த்தார்கள். ரவி விசிலடித்தான். நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நிறுத்திக் காட்டியவர் இவர் ஒருவர்தான். நாற்பது எண்ணும்வரை நின்றார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்தை எண்ணும்போது எஞ்சினின் சத்தம் ஒரு நூலளவு உயர்ந்தது. உடனே தணிந்தது. மறுபடி உயர்ந்தது, மறுபடி தணிந்தது. கொம்பிரசர் ஓடியிருந்தால் கேட்டிருக்காது. வண்டி முன்னால் பாயவேண்டிய நேரத்தில் பாயவில்லை. ஏன் பாயவில்லை என்று அவர் கையைப் பார்த்தேன். கிளச்சில் இருந்த ஒற்றை விரல் ஒவ்வொரு உயர்வுக்கும் ஒரு மயிரிழை உள்ளே போய் வந்தது.

"பிள்ளை, இறங்குங்கோ."

இறங்கினார். வண்டியை ரவியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கியர் இல்லாமல், ஒருவரும் ஏறாமல், ஹாண்டிலை இடது பக்கம் கடைசிவரை மடக்கினேன். எஞ்சின் மெல்ல மெல்லச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போனது. நேராக்கியதும் இறங்கியது. மறுபடி மடக்கினேன். மறுபடி ஏறியது.

நாங்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிளை எப்படிப் பார்க்கிறோம்? முன் சில்லைப் பிடியில் இறுக்கித் தூக்கிவிட்டு, ஹாண்டில் நேராக இருக்க, வலக்கைப் பிடியை முறுக்கி விட்டுப் பார்க்கிறோம். சாதாரண வண்டிக்கு அது போதும் என்று நினைக்கிறோம். இந்த வண்டியின் ஹாண்டில் மற்ற வண்டிகளைவிட இரண்டு பங்கு திரும்பும். அதன் சீவியமே அந்தக் கடைசி மடக்கில்தான்.

ஜெசிந்தா எஞ்சினை நிறுத்தினார். ஹெல்மெற்றைக் கழற்றி நிலத்தில் வைத்தார். சேஃப்டி சரிவராது என்று தெரிந்ததும் மனிதர்கள் கேட்கிற கேள்விகளை நான் அறிவேன். எவ்வளவு முடியும்? எத்தனை நாள் எடுக்கும்? போன முறை பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லையே? இவர் கேட்டது ஒரே சொல்.

"எங்கை?"

தேடினோம். ஹாண்டில் திரும்பும் கழுத்துக்குப் பக்கத்தில், பதினான்கில் மூன்றாவது கட்டு. லைற் வயரையும், வலக்கைப் பிடியிலிருந்து எஞ்சினுக்கு வேகம் கொண்டுபோகும் அக்சிலேற்றர் கேபிளையும் செந்தில் அந்த இடத்தில் ஒன்றாக இறுக்கியிருந்தார். சேர்வர் அறையில் வயர் அசைவதில்லை. அங்கே இறுக்கம்தான் நல்ல வேலை. வண்டியில் வயர் நாள்முழுக்க அசைகிறது. ஹாண்டில் மடங்கும்போதெல்லாம் அந்த நாடா கேபிளை இழுத்திருக்கிறது. பிடிக்குப் பக்கத்தில் உறையைக் கழற்றிப் பார்த்தேன். கேபிளின் பத்தொன்பது இழைகளில் ஐந்து அறுந்து முள்ளு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

செந்திலின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்தான் நல்ல வேலை என்று சொன்னேன். அது உண்மையிலேயே நல்ல வேலைதான். வேறொரு இடத்துக்குரிய நல்ல வேலை.

"கட்ட வெட்டி விட்டா போதாதா சார்?"

நாடாவை வெட்டினேன். "கட்டு இனி இழுக்காது. ஆனால் அறுந்த இழை உறைக்குள்ள சிக்கினால் பிடியை விட்டாலும் எஞ்சின் இறங்காது."

"அவ ஓட்டும்போது கையில கயிறு கட்டிக்குவா சார். விழுந்தா கயிறு இழுத்து எஞ்சின் தானா நின்னுரும்."

"அது விழுந்த பிறகு தம்பி."

அவர் ஜெசிந்தாவை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "சார், ரெண்டு நாள்தான். திங்கக்கிழமை நானே புது கேபிள் மாத்தி எடுத்துட்டு வந்து காட்டறேன். அவ ஒரு வருஷமா இதுக்குத்தான் சார் காத்திருக்கா. என்னால கெட்டுப் போச்சுன்னு இருக்க வேணாம்."

பழைய ஐரோப்பிய வண்டி. அந்தக் கேபிள் எங்களிடம் இல்லை, கூப்பிட்டுக் கேட்ட கடைகளிலும் இல்லை. எடுப்பித்தால் அடுத்த வாரம்தான் வரும். ரவிக்கும் மனம் பொறுக்கவில்லை. வாய்விட்டான். "ஓரிடம் இருக்கு அக்கா. அங்கை யன்னலுக்குள்ளால பாத்துப் போட்டுக் கையெழுத்து வைப்பினம். இப்ப போனாலும் பன்ரண்டுக்கு முதல் முடியும்."

தம்பிமாரே, நெருக்கடி என்றால் பலர் நினைப்பது நெருப்பு, விபத்து, சத்தம். நம் தொழிலில் நெருக்கடி இப்படித்தான் வரும். நல்ல மனிதர்கள் மூன்று பேர் உங்களைச் சுற்றி நிற்பார்கள். அவர்கள் கேட்பதில் கெட்ட எண்ணம் இருக்காது. நீங்கள் மறுத்தாலும் வேறொருவர் வைப்பார் என்பதும் உண்மையாக இருக்கும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அதைச் சொல்லும் வேலையை எனக்கு மிச்சப்படுத்தியவர் ஜெசிந்தா. வெட்டிய நாடாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தவர் ரவியைப் பார்த்தார்.

"தம்பி, நான் காலமை ஆறு மணிக்குப் பஸ்ஸைச் சுத்தி நடந்து பாக்கிறனான். கண்ணாடித் தண்டு ஆடினால் எடுக்கமாட்டன். பிள்ளையள் குளிருக்குள்ள நிக்கும், தாய்மார் போனில கத்துவினம். எண்டாலும் எடுக்கமாட்டன். இப்ப என்ர உயிர் எண்ட உடனை யன்னலுக்குள்ளால பாக்கிற ஆளிட்டைப் போறதே?"

ரவி தலையைச் சொறிந்தான். ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார். "அண்ணை, எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. நான் கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் இதிலை ஏறுறன். எனக்கு ஏன் தெரியேல்லை?"

"உங்கட விரலுக்குத் தெரிஞ்சிருக்கு பிள்ளை. அது உங்களுக்குச் சொல்லேல்லை."

அவர் தன் இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கள்ள விரல்" என்றார். அந்த நேரத்தில் அவரால் சிரிக்க முடிந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இதைக் கொஞ்சம் யோசியுங்கள். மோசமாக ஓட்டுபவரின் வண்டியில் பிழை உடனே தெரிந்துவிடும். நன்றாக ஓட்டுபவரின் கை வண்டியின் நோயைத் தன்மேல் எடுத்துக்கொள்ளும். முன்பு ஒரு டாக்சிக்காரர் கார் கொண்டுவந்தார். பிறேக் பிடித்தால் வலது பக்கம் இழுத்தது. அவருக்குத் தெரியவே தெரியாது. பல மாதமாக அவருடைய கை இடது பக்கம் பிடித்துப் பழகியிருந்தது. அவர் நித்திரைக் கண்ணோடு ஓட்டும் ஒரு நாளில் என்ன நடந்திருக்கும்? ஆகவே சொல்கிறேன். கெட்டிக்காரர் கொண்டுவரும் வண்டியில் கூடுதல் கவனமாக இருங்கள். ஆளை இறக்கிவிட்டு வண்டியைத் தனியாகக் கேளுங்கள்.

கையெழுத்து வைக்காமல் பேனாவை மூடினேன். ஜெசிந்தா போனை எடுத்து ஒருவரை அழைத்தார். ஆங்கிலத்தில் பேசினார். இரண்டே நிமிடம். வைத்துவிட்டுச் சொன்னார். "றிச்மண்ட் ஹில்லில ஒரு கிழவர் இருக்கிறார் அண்ணை. அவரிட்டையும் இதே மொடல். தன்ர ஸ்பெயார் கேபிள் ஒண்டு கிடக்காம். வந்து எடு எண்டு சொல்லுறார்."

"யார் அவர்?"

"சனிக்கிழமை என்னோட போட்டி போடுற ஆள். போன வருசம் நான் எண்ணின காலில கூடுதலா அவரின்ர கால்தான்."

எனக்கு விளங்கவில்லை. "பிள்ளை, அவரிட்ட இருக்கிறது ஒரே ஒரு ஸ்பெயாரோ?"

"ஓம்."

"அவருடைய கேபிள் அறுந்தால்?"

"அப்ப நான் ஏதாவது குடுக்கோணும். உந்த விளையாட்டு அப்பிடித்தான் அண்ணை. மற்றவன் வரேல்லை எண்டு வெண்டால் அது வெற்றியில்லை. பாறையை வெல்லத்தான் போறனாங்கள்."

நான் எத்தனையோ விளையாட்டுக்காரரின் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய பலவீனத்தை மற்றவரிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடம் கெஞ்சியவர்களும் உண்டு. போட்டியாளருக்குப் போன் எடுத்து என் வண்டி நொண்டி என்று சொன்னவரையும், உடனே வந்து எடு என்று சொன்னவரையும் அன்றுதான் கண்டேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "அந்தக் கிழவருக்கு உங்கட பதறுற குணம் இல்லைப் போல" என்றார்.

வெள்ளிக்கிழமை, காலை ஓட்டம் முடித்து, பஸ் உடுப்போடேயே ஜெசிந்தா வந்தார். செந்தில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கேபிளைப் பூட்ட அதிக நேரம் எடுக்கவில்லை. வயர்க் கட்டைச் செந்திலையே மறுபடி கட்டச் சொன்னேன். முதலில் தயங்கினார். ஹாண்டிலை ஒரு கடைசியிலிருந்து மற்றக் கடைசிவரை திருப்பி, எந்த வயர் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துப் பார்த்து, கழுத்துக்குப் பக்கத்தில் தாராளமாக ஒரு வளைவு விட்டு, கேபிளை விட்டு விலகிக் கட்டினார். இந்த முறை பதினொரு கட்டு.

"அசிங்கமா இருக்கு சார்" என்றார்.

"அசையுது தம்பி. அது போதும்."

கொம்பிரசரை நிறுத்தினோம். வெளியே தள்ளினோம். ஜெசிந்தா ஹெல்மெற்றை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன்.

"செந்தில், நீங்கள் பிடியுங்கோ."

"நானா? எனக்கு இத ஓட்டவே தெரியாது சார்."

"அதுதான் எனக்கு வேணும். ஒண்டும் தெரியாத கை."

ரவி வாய்விட்டுச் சிரித்தான். ஜெசிந்தா, "கடைசியா இவருக்கும் ஒரு வேலை கிடைச்சுது" என்றார். செந்தில் பயந்து பயந்து, பாம்பைப் பிடிப்பவர் மாதிரி ஹாண்டிலைப் பிடித்து இடது பக்கம் கடைசிவரை மடக்கினார். நாங்கள் நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக் கேட்டோம். எஞ்சின் ஒரே சுருதியில் நின்றது. நாற்பது எண்ணினேன். வலது பக்கம். மறுபடி நாற்பது. முந்தைய நாள் ஜெசிந்தா நின்ற அளவுக்கு. நூலளவும் உயரவில்லை.

கையெழுத்து வைத்தேன். பின்னேர ஓட்டத்துக்கு முன் பிளேட் எடுத்துவிட்டதாகச் செந்தில் படம் அனுப்பினார். படத்தில் பிளேட் மட்டும் இருந்தது, நேராக, நான்கு மூலையும் அளந்த மாதிரி.

வேலை அங்கே முடிந்தது. ஆனால் என் குணம் உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை முழுக்க எனக்குச் சரியில்லை. கேபிளின் முனை சரியாக இருந்ததா? பூட்டிய நட்டை இரண்டாம் முறை இறுக்கினேனா? இறுக்கியது ஞாபகம் இருந்தது. ஞாபகத்தை நம்பலாமா என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி தானே கார்ச் சாவியை எடுத்துத் தந்தார். "போய்ப் பாத்திட்டு வாங்கோ. இல்லாட்டி இண்டைக்கும் கதவை இழுத்திழுத்துப் பாப்பியள்."

இரண்டு மணிநேர ஓட்டம். காட்டுக்குள் ஓர் ஓடை. ஓடைக்கு மேல் ஒரு கரும்பாறை, ஒரு பக்கம் நான் நிற்கும் உயரத்துக்கு இரண்டு மடங்கு பள்ளம். ஏறுபவர்கள் பாறையின் நுனிவரை போய், அங்கே இடது பக்கம் முழுதாகத் திரும்பி, மறுபக்கத்தால் இறங்க வேண்டும். மடக்குவதற்கு ஒரு மேசையளவு இடம்தான். என் கண்முன்னே ஏறிய இரண்டு பேர் அந்த இடத்தில் கால்களைத் துடுப்பு மாதிரிப் பாவித்தார்கள். அதில் ஒருவர் வெள்ளைத் தாடி வைத்த கிழவர். கேபிள் தந்தவர் அவராகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்து, முன்பின் தெரியாத மனிதருக்குக் கைதட்டினேன்.

பிறகு ஜெசிந்தா ஏறினார். நான் அவரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன். ஏறும் சத்தம். பாறையின் தலையில் தணிந்த சத்தம். இனித்தான் மடக்குகிறார் என்று தெரிந்தது. அந்த இடத்தில் எஞ்சின் ஒரே சுருதியில், செந்தில் பிடித்தபோது நின்ற அதே சுருதியில் நின்றது. பள்ளத்தின் விளிம்பில், ஒரு நூலளவும் ஏறாமல். அப்போதுதான் கண்ணைத் திறந்தேன். அவர் நுனியில் நின்றுகொண்டிருந்தார், பிளாசாவில் நின்ற மாதிரியே, முழங்கால் மட்டும் அசைய. திரும்பினார். இறங்கும் இடத்தில், எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருந்த இடத்தில், இடது கால் ஒருமுறை நிலத்தில் பட்டது. பக்கத்தில் நின்று எண்ணியவர் ஒற்றை விரலைக் காட்டினார்.

என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, ஹெல்மெற் கண்ணாடியைத் தூக்கினார். முகமெல்லாம் சேறு. செந்தில் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணை! எப்ப வந்தனீங்கள்? ஐயோ, பாத்தனீங்களே, கடைசியில காலை ஊண்டிப் போட்டன்."

"கண்டனான். ஒண்டு."

"உங்கட கேபிள் ஒண்டும் செய்யேல்லை அண்ணை. அந்த ஒண்டு என்ர பிழை."

"தெரியும் பிள்ளை" என்றேன். "அதுக்குத்தானே கையெழுத்து வைச்சது."